வாசகர் கேள்வி–பதில்: மிசிசாகாவின் மேயரம்மா

கனடாவில் டொராண்டோவின் மேற்குப் புறநகரான மிசிசாகாவில் 1978 முதல் 2014 வரை 36 ஆண்டுகள் மேயராக இருந்த ஹேசல் மெக்காலியனைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்கள் இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: அவர் அரசியல் குடும்பத்தில் பிறந்தவரா? மேயராவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?
(திருநெல்வேலி வாசகர்)

அரசியல் குடும்பம் அல்ல. கியூபெக் மாகாணத்தின் காஸ்பே கடற்கரையிலுள்ள போர்ட் டேனியல் என்ற சிற்றூரில் 1921 பிப்ரவரி 14 அன்று பிறந்தார். தந்தை மீன் பிடித்துப் பதப்படுத்தும் தொழிலை நடத்தினார். வீட்டையும் நிலத்தையும் தாய் பார்த்துக்கொண்டார். பல்கலைக்கழகம் போக ஆசை இருந்தும் குடும்பத்தில் அதற்கு வசதி இல்லாததால், அலுவலகப் பணிக்கான பயிற்சி பெற்று மான்ட்ரியலில் வேலைக்குச் சேர்ந்தார். கேனடியன் கெல்லாக் என்ற அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் பலருக்குக் காலை உணவுப் பொட்டலம் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ஆலைகளை வடிவமைத்துக் கட்டிக்கொடுக்கும் பொறியியல் நிறுவனம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சார்னியாவில் செயற்கை ரப்பர் ஆலை அமைக்கும் பணியில் இந்நிறுவனம் ஈடுபட்டிருந்தது. 1942இல் டொராண்டோ அலுவலகத்துக்கு மாற்றப்பட்ட ஹேசல், ஒப்பந்தம், கொள்முதல், கணக்கு என்று ஒரு பெரிய கட்டுமானப் பணி எப்படி நகர்கிறது என்பதை அங்கேதான் கற்றார். பிற்காலத்தில் நகரமன்றத்தில் அவரிடம் மதிப்பீட்டுத் தாளை நீட்டிய அதிகாரிகள் திணறியதற்கு இந்தப் பின்னணியே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1951இல் சாம் மெக்காலியனை மணந்து, மிசிசாகாவின் இன்றைய எல்லைக்குள் அடங்கிய ஸ்ட்ரீட்ஸ்வில் என்ற சிற்றூரில் குடியேறினார். மூன்று பிள்ளைகள். கணவனும் மனைவியும் சேர்ந்து 1964இல் ஓர் உள்ளூர்ச் செய்தித்தாளைத் தொடங்கினார்கள். ஊரின் திட்டக் குழு, ஊர்மன்றம் என்று படிப்படியாக நுழைந்து 1970இல் ஸ்ட்ரீட்ஸ்வில் மேயரானார். சாம் 1997இல் மறதி நோயால் இறந்தார்.

கேள்வி: அவர் பணம் வாங்கிக்கொண்டு ஐஸ் ஹாக்கி ஆடியவர் என்பது உண்மையா?
(கோவை வாசகி)

உண்மை. மான்ட்ரியலில் இருந்தபோது ஒரு குளிர்பான நிறுவனத்தின் ஆதரவில் இயங்கிய மகளிர் அணிக்கு ஆடினார். ஓர் ஆட்டத்துக்கு 5 டாலர் கிடைத்தது. 1987இல் டொராண்டோ வட்டாரத்தில் நடந்த உலக மகளிர் ஹாக்கிப் போட்டியின் கோப்பைக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். மகளிர் ஹாக்கி அப்போது ஒலிம்பிக்கில் இடம்பெறாத விளையாட்டு.

கேள்வி: ஊர்களை இணைத்து மிசிசாகா மாநகரை உருவாக்கியதை எதிர்த்தவர் என்கிறீர்கள். எதிர்த்தவரே அந்த மாநகரின் மேயரானது முரண்பாடு இல்லையா?
(விழுப்புரம் வாசகர்)

முரண்பாடுதான். ஆனால் அதற்கான விளக்கம் அதே வரலாற்றில் கிடைக்கிறது.

1974 ஜனவரியில் ஒன்டாரியோ மாகாண அரசு மிசிசாகா பேரூர், ஸ்ட்ரீட்ஸ்வில், போர்ட் கிரெடிட் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரே மாநகராக்கியது. கனடாவில் உள்ளாட்சிகளுக்குத் தனி அரசியலமைப்புத் தகுதி கிடையாது. அவை மாகாணத்தின் சட்டத்தால் பிறந்தவை, மாகாணம் நினைத்தால் இணைக்கலாம், பிரிக்கலாம், கலைக்கலாம். எனவே ஸ்ட்ரீட்ஸ்வில்லின் எதிர்ப்பு எவ்வளவு உரத்ததாக இருந்தாலும் முடிவு மாகாணத் தலைநகரில்தான் எழுதப்பட்டது. ஹேசல் அந்த ஊரின் கடைசி மேயரானார்.

தோற்றவர் விலகிப் போய்விடவில்லை. புதிய மாநகரமன்றத்தில் உறுப்பினராக நுழைந்தார். 1978 தேர்தலில் அப்போதைய மேயர் ரான் சியர்லை எதிர்த்து நின்று குறுகிய வித்தியாசத்தில் வென்றார். அப்போது அவருக்கு வயது 57. சிற்றூரின் தன்மையை விழுங்கிவிடும் என்று எதை எதிர்த்தாரோ, அந்த மாநகரைத் தன் ஊராக ஏற்றுக்கொண்டவர், மிசிசாகாவையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்து அதற்கு மேலே அமர்ந்திருந்த பீல் பிராந்திய நிர்வாகத்தோடு அடுத்த 36 ஆண்டுகளும் அதே சண்டையைத் தொடர்ந்தார். “எங்கள் ஊர்ப் பணத்தை நாங்கள் செலவழிக்கிறோம்” என்ற வாதம் மாறவேயில்லை. அதில் “எங்கள் ஊர்” என்பதன் எல்லை மட்டும் விரிந்துகொண்டது.

கேள்வி: 1979 ரயில் விபத்தில்தான் அவர் புகழ் பெற்றார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த விபத்தில் அவருடைய பங்கு உண்மையில் என்ன? அதிகாரிகள் செய்ததற்கு மேயர் பெயர் வாங்கிக்கொண்டாரா?
(சென்னை வாசகர், சேலம் வாசகி)

கூர்மையான கேள்வி. அவர் மேயர் பதவியேற்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. 1979 நவம்பர் 10, சனிக்கிழமை நள்ளிரவுக்குச் சற்று முன்பு, 106 பெட்டிகள் கொண்ட கேனடியன் பசிபிக் சரக்கு ரயில் மேவிஸ் சாலைக் கடவையருகே தடம் புரண்டது. ஒரு பெட்டியின் சக்கர அச்சிலிருந்த பேரிங் போதிய மசகில்லாமல் சூடேறி எரிந்து, சக்கரம் கழன்று விழுந்ததே காரணம். புரண்ட பெட்டிகளில் புரொப்பேன் வாயு இருந்தது, அடுத்தடுத்து வெடித்தது. அச்சமெல்லாம் அவற்றுக்கு நடுவே கிடந்த இன்னொரு பெட்டியைப் பற்றியது. அதில் சுமார் 90 டன் குளோரின் இருந்தது. அந்தப் பெட்டியில் ஓட்டை விழுந்திருந்தது.

குளோரின் காற்றைவிட அடர்த்தியானது. தரையோடு தவழ்ந்து பரவி நுரையீரலை அரிக்கும். காற்று எந்தத் திசையில் வீசுமோ அந்தத் திசையிலிருந்த குடியிருப்புகளை ஒவ்வொன்றாகக் காலி செய்ய வேண்டியிருந்தது. காற்று திசை மாறியபோதெல்லாம் வெளியேற்றும் எல்லையும் விரிந்தது. மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் நோயாளிகளோடு இடம் மாற்றப்பட்டன. ஞாயிறு இரவுக்குள் 2,00,000க்கும் அதிகமானோர் வீட்டை விட்டுப் போயிருந்தார்கள். ஏறக்குறைய ஊர் முழுவதும் பூட்டிக் கிடந்தது. கடைசி ஆட்கள் வீடு திரும்ப ஆறு நாள் ஆயிற்று. ஓர் உயிர்கூடப் போகவில்லை. 2005இல் கத்ரினா புயலுக்காக நியூ ஆர்லியன்ஸ் காலி செய்யப்படும் வரை, அமைதிக் காலத்தில் வட அமெரிக்கா கண்ட மிகப்பெரிய வெளியேற்றம் இதுவே என்று கருதப்பட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளியேற்றத்தை நடத்தியது பீல் காவல்துறை. மாகாண அரசின் சார்பில் முடிவுகளுக்குப் பொறுப்பேற்றவர் அமைச்சர் ராய் மெக்மர்ட்ரி. எரியும் பெட்டிகளுக்கு அருகே நின்றவர்கள் தீயணைப்பு வீரர்களும் ரயில்வே ஊழியர்களும். சட்டப்படி மேயருக்கு அங்கே ஆணையிடும் அதிகாரம் குறைவு. கூட்டத்துக்கு ஓடும்போது கணுக்கால் சுளுக்கிக்கொண்டு, நொண்டியபடியே செய்தியாளர்கள் முன் வந்து, தெரிந்ததைச் சொல்லி, வீடு திரும்பத் துடித்த மக்களிடம் “இன்னும் பாதுகாப்பாகவில்லை” என்று நாள்தோறும் சொன்னவர் அவர்தான். வீட்டை விட்டு வெளியேறிய இரண்டு லட்சம் பேர் பொறுமை காக்க யாரையாவது நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையின் முகமாக அவர் இருந்தார். அதைப் பெயர் வாங்கிக்கொள்வது என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்த ஆறு நாளின் அரசியல் பலன் முழுவதும் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது என்பதும் உண்மை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் போட்டியின்றித் தேர்வானார்.

நீதிபதி சாமுவேல் கிரேஞ்ச் தலைமையிலான விசாரணைக்குப் பிறகு, ஆபத்தான சரக்கை ஏற்றிச்செல்லும் ரயில்களுக்கான விதிகளை கனடா கடுமையாக்கியது.

கேள்வி: 12 தேர்தல்களில் தொடர்ந்து வெல்ல எப்படி முடிந்தது? அவருக்குப் பின்னால் எந்தக் கட்சி இருந்தது?
(தஞ்சாவூர், ஈரோடு வாசகர்கள்)

எந்தக் கட்சியும் இல்லை. ஒன்டாரியோவின் நகராட்சித் தேர்தல்களில் கட்சிச் சின்னமே கிடையாது. வேட்பாளர்கள் தனிப்பெயரில் நிற்கிறார்கள். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். எத்தனை முறை நிற்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. முதலில் பதவிக்காலம் இரண்டாண்டு. 1982 முதல் மூன்றாண்டு. 2006 முதல் நான்காண்டு. இந்த விதிகளெல்லாம் சேரும்போது பதவியிலிருப்பவருக்குக் கிடைக்கும் சாதகம் மிகப் பெரிது. கட்சி இல்லாத இடத்தில் வாக்காளருக்குத் தெரிந்த ஒரே அடையாளம் பெயர்தான். பத்து ஆண்டு மேயராக இருந்தவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். எதிர்த்து நிற்பவரின் பெயரை வாக்குச் சீட்டில்தான் முதன்முறையாகப் பார்ப்பார்கள். போதாததற்கு, நகராட்சித் தேர்தல்களில் வாக்களிக்க வருவோரே பாதிக்கும் குறைவு.

ஹேசலுக்குத் தேர்தல் பிரச்சாரமே தேவைப்படாமல் போனது. நன்கொடை கொடுக்க வந்தவர்களிடம் அதை அறப்பணிகளுக்குக் கொடுங்கள் என்றார், சுவரொட்டி கிடையாது. இரண்டு முறை போட்டியே இல்லை. 2006இல் 90 விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்கு. ஊழல் விசாரணை நடந்துகொண்டிருந்த 2010இல்கூட 76 விழுக்காடு.

அதிகாரம் எவ்வளவு என்றும் ஈரோடு வாசகர் கேட்கிறார். அவர் இருந்த காலமெல்லாம் ஒன்டாரியோ மேயருக்கு நகரமன்றத்தில் ஒரே ஒரு வாக்குதான். கவுன்சிலர்களின் முடிவை ரத்து செய்யும் உரிமையோ, வரவு–செலவுத் திட்டத்தைத் தனியாக நிறைவேற்றும் உரிமையோ கிடையாது. மேயர்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் மாகாணச் சட்டம் மிசிசாகாவுக்கு 2023இல்தான் வந்தது. அப்படியிருந்தும் அவர் முன்வைத்த தீர்மானங்கள் பெரும்பாலும் எதிர்ப்பின்றி நிறைவேறின. அவரை எதிர்த்து வாக்களித்த கவுன்சிலர் அடுத்த தேர்தலில் அவருடைய வாய்ச்சொல்லுக்குப் பயப்பட வேண்டியிருந்தது. “ஹேசல் புயல்” என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. 1954இல் டொராண்டோவைத் தாக்கிய புயலுக்கும் அதே பெயர்.

கேள்வி: கடனே இல்லாத மாநகரம் என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படிச் சாத்தியம்? அந்த வித்தையைச் சற்று விளக்குங்கள்.
(மதுரை, நாகர்கோவில், புதுச்சேரி வாசகர்கள்)

இந்தப் பகுதியில் நான் மிகுதியாகச் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். ஹேசலின் புகழும் அவர்மேல் வரும் கடுமையான விமர்சனமும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்.

1976 கணக்கெடுப்பில் மிசிசாகாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 2,50,000. 2011இல் 7,13,000. இடைப்பட்ட காலத்தில் விளைநிலங்கள் வீட்டுமனைகளாயின. ஒரு புதிய வீடு வரும்போது அதற்குச் சாலை, வடிகால், தீயணைப்பு நிலையம், நூலகம், பூங்கா எல்லாம் தேவைப்படும். இந்தச் செலவைப் பழைய குடியிருப்பாளர்கள் சொத்து வரியாகத் தர வேண்டாம், வீடு கட்டி விற்பவரே முன்கூட்டித் தர வேண்டும் என்பதே வளர்ச்சிக் கட்டணம். ஒன்டாரியோவின் பல நகரங்கள் இதை வசூலித்தாலும், மிசிசாகா இதில் விட்டுக்கொடுக்காமல் நின்றது. டொராண்டோவின் விமான நிலையம் மிசிசாகா எல்லைக்குள் இருக்கிறது. பெரிய நெடுஞ்சாலைகள் எல்லாம் அதன் வழியே ஓடுகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் நிலம் வாங்கக் கட்டுநர்கள் வரிசையில் நின்றார்கள். கட்டணம் அதிகம் என்று போய்விட மாட்டார்கள் என்பது மேயருக்குத் தெரியும்.

இப்படி வந்த பணத்தால் கடன் வாங்காமல் கட்டுமானம் நடந்தது. மிச்சம் சேமிப்பு நிதியில் சேர்ந்து வட்டியும் ஈட்டியது. சொத்து வரி பல ஆண்டுகள் உயராமலே இருந்தது. வரி உயராத ஊரில் மேயரை ஏன் மாற்ற வேண்டும் என்று வாக்காளர் நினைத்ததில் வியப்பில்லை. மற்ற மேயர்கள் பொறாமையோடு பார்த்த ஒரு நகரின் நிர்வாகியாக அவர் பேசினார். மாகாண முதல்வர்களிடமே சிக்கனப் பாடம் நடத்தினார்.

இந்த முறை நிலம் இருக்கும் வரைதான் ஓடும். புதிய நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வெற்று நிலம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. புதிய வீடு குறைந்தால் கட்டணமும் குறையும். அதே சமயத்தில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒரே மூச்சில் போடப்பட்ட சாலைகளும் பாலங்களும் ஒரே மூச்சில் பழசாயின. வளர்ச்சிக் கட்டணத்தை வளர்ச்சிக்காக மட்டுமே செலவிட முடியும் என்பது சட்டம். பழைய பாலத்தைப் பழுதுபார்க்க அதைத் தொட முடியாது. ஆகவே வரி ஏறத் தொடங்கியது. 2010களின் தொடக்கத்தில், ஹேசல் பதவியில் இருக்கும்போதே, மாநகரம் நெடுநாளைக்குப் பின் கடன் பத்திரம் வெளியிட முடிவெடுத்தது. கடன் வாங்கியதைக் குறையாகச் சொல்லவில்லை. தலைமுறைகள் பயன்படுத்தும் பாலத்துக்குக் கடன் வாங்குவது நியாயமான முறையே. “கடனில்லா நகரம்” என்ற பெருமை நிர்வாகத் திறமையால் மட்டும் வந்ததல்ல, ஒருமுறை மட்டுமே விற்கக்கூடிய நிலத்தாலும் வந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு விளைவை ஊருக்குள் போனால் கண்ணால் பார்க்கலாம். தனித்தனி வீடுகள், வளைந்து முட்டுச்சந்தில் முடியும் தெருக்கள், ஆறு வழிச் சாலைகள், கார் இல்லாமல் பால் வாங்கப் போக முடியாத தூரங்கள். நகரின் நடுவாக அமைந்தது ஒரு பழைய சந்தையோ கோயில் வாசலோ அல்ல, 1973இல் திறக்கப்பட்ட ஸ்கொயர் ஒன் என்ற வணிக வளாகம். அதன் அருகே 1987இல் எழும்பிய மாநகராட்சிக் கட்டடத்தைப் பண்ணை வடிவில் அமைத்தார்கள். மன்றக்கூடம் தானியச் சேமிப்புக் கோபுரத்தைப் போலவும், மணிக்கூண்டு காற்றாலையைப் போலவும் இருக்கும். விளைநிலத்தை மனையாக்கிய நிர்வாகம் பண்ணையின் நினைவாகக் கட்டடம் கட்டியதை அந்த ஊர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ, எனக்குச் சிரிப்பு வருகிறது.

அவருடைய கடைசிக் காலத்தில் போக்கு மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்கொயர் ஒன் சுற்றுவட்டாரத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. சீனக் கட்டடக் கலைஞர் மா யான்சோங் வடிவமைத்த, இடுப்பு வளைந்த இரட்டைக் கோபுரங்கள் 2012இல் முடிந்தன. ஹுரான்டாரியோ தெருவில் இலகு ரயில் வேண்டும் என்று ஹேசல் வாதாடினார். பக்கவாட்டில் பரவ இடமில்லாத நகரம் மேல்நோக்கி வளர வேண்டியிருந்தது.

கேள்வி: ஊழல் குற்றச்சாட்டுகள் உண்மையா? நீதிமன்றம் அவரைத் தண்டித்ததா?
(கும்பகோணம் வாசகர்)

லஞ்சம் வாங்கினார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சிக்கல் எப்போதும் நலன் முரண் பற்றியது. அதாவது பொதுப்பதவியின் முடிவும் சொந்த நலனும் ஒரே இடத்தில் மோதுவது.

முதல் முறை 1982இல். தனக்குச் சொந்தமான நிலத்தையும் பாதிக்கக்கூடிய ஒரு திட்டம் மன்றத்தில் பேசப்பட்டபோது வெளியேறாமல் இருந்தார் என்று நீதிமன்றம் கண்டது. நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை என்று கருதியதால் பதவி போகவில்லை.

இரண்டாவது பெரிது. மாநகராட்சிக் கட்டடத்துக்கு அருகிலிருந்த நிலத்தில் சொகுசு விடுதியும் மாநாட்டு மையமும் கட்ட ஒரு நிறுவனம் முன்வந்தது. மேயர் அதற்காகப் பலரிடம் நேரடியாகப் பேசினார். அந்த நிறுவனத்தில் அவருடைய மகன் பீட்டருக்குப் பங்கு இருந்தது. நகரமன்றமே 2009இல் நீதி விசாரணைக்குத் தீர்மானம் போட்டது. நீதிபதி டக்ளஸ் கன்னிங்ஹாம் 2011 அக்டோபரில் அறிக்கை தந்தார். மகன் தரகராக இருப்பதாக மட்டுமே நினைத்தேன், பங்குதாரர் என்று தெரியாது என்பது மேயரின் வாதம். நலன் முரண் உண்மையாகவே இருந்தது, வெளித்தோற்றத்திலும் இருந்தது என்று நீதிபதி எழுதினார். ஆனால் ஒன்டாரியோவின் அப்போதைய சட்டம் மன்றக் கூட்டத்தில் நடப்பதை மட்டுமே கட்டுப்படுத்தியது. கூட்டத்துக்கு வெளியே மேயர் தொலைபேசியில் பேசுவதையோ விருந்தில் வற்புறுத்துவதையோ அது தொடவில்லை. சட்டம் மீறப்படவில்லை, சட்டம்தான் போதவில்லை என்ற வகையில் அறிக்கை முடிந்தது. விடுதி கட்டப்படவே இல்லை.

பிறகு ஒரு குடிமகன் தொடுத்த வழக்கு, பீல் பிராந்தியத்தின் வளர்ச்சிக் கட்டணம் தொடர்பான வாக்கெடுப்பில் அவர் கலந்துகொண்டதைக் கேள்வி கேட்டது. அது 2013 ஜூனில் தள்ளுபடியானது. எதிர்ப்பவரே இல்லாமல் முப்பதாண்டு ஆண்டவருக்கு, எந்தத் தொலைபேசி அழைப்பு வேண்டுகோள், எது கட்டளை என்ற வேறுபாடு மங்கிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். எதிரே இருந்தவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியாமலா இருந்திருக்கும்?

கேள்வி: என் மகள் குடும்பம் மிசிசாகாவில் இருக்கிறது. குடியேறிகளை அவர் மதித்தாரா?
(திருச்சி வாசகி)

ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது. அவருடைய காலத்தில்தான் மிசிசாகா, தெற்காசியர்கள் உட்பட உலகின் பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் வாழும் நகரமாயிற்று. குடியேறிகளின் விழாக்களுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் ஓயாமல் போய்வந்தார். அவர்களும் அவருக்குத் திரளாக வாக்களித்தார்கள். ஆனால் 2001இல் ஒரு செய்தித்தாள் நேர்காணலில், மருத்துவமனையின் அவசரப் பிரிவு தங்கள் நாட்டு உடையணிந்தவர்களால் நிரம்பிவிட்டது என்ற பொருளில் பேசிப் பலரைப் புண்படுத்தினார். மருத்துவச் செலவுக்கு மத்திய அரசு பணம் தராததைக் குறைசொல்லவே அப்படிப் பேசியதாக அவரை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். பணத்தைப் பற்றிப் பேச உடையைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் என்ன என்று எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகும் அவருடைய வாக்கு குறையவில்லை.

கேள்வி: உலகிலேயே நீண்டகாலம் மேயராக இருந்தவர் இவர்தானா?
(வேலூர் வாசகர்)

இல்லை. பக்கத்து ஊரிலேயே அவரை மிஞ்சியவர் இருக்கிறார். மிசிசாகாவை அடுத்த மில்டன் நகரில் கோர்டன் கிரான்ட்ஸ் 1980இல் மேயரானவர். 2022 தேர்தலிலும் வென்றார். அப்போது டொராண்டோவின் இன்னொரு புறநகராக இருந்த நார்த் யார்க்கை மெல் லாஸ்ட்மன் 1973 முதல் 1997 வரை ஆண்டார்.

அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் புறநகரான டியர்பார்னைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே ஆர்வில் ஹப்பர்ட் 1942 முதல் 1978 வரை, ஹேசலைப் போலவே 36 ஆண்டுகள் மேயர். குப்பை அள்ளுதல், பனி அகற்றுதல், கோடை முகாம் என்று சேவைகள் குறையின்றி நடந்ததால் வெள்ளையர் வாக்காளர்கள் அவரைக் கைவிடவில்லை. கறுப்பர்கள் அந்த ஊரில் குடியேறவிடாமல் தடுப்பதை வெளிப்படையான கொள்கையாகவே அவர் வைத்திருந்தார். மாநகராட்சிக் கட்டடத்தின் முன் நின்ற அவருடைய சிலையை 2015இல் அங்கிருந்து அகற்றினார்கள். சாலையைச் சுத்தமாக வைத்திருப்பவரை மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு ஹப்பர்டும் சான்று, ஹேசலும் சான்று. அதனால் ஆண்டுக் கணக்கை வைத்து ஒருவரை மதிப்பிட நான் தயங்குவேன்.

கேள்வி: பதவி விலகிய பின் என்ன செய்தார்? அவருக்குப் பின் நகரம் என்னாயிற்று?
(காரைக்குடி, நாமக்கல் வாசகர்கள்)

2014 நவம்பரில், 93 வயதில் இறங்கினார். அவர் ஆதரித்த போனி குரோம்பி அந்த ஆண்டுத் தேர்தலில் வென்றார். ஹேசல் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. ஷெரிடன் கல்லூரியின் முதல் வேந்தரானார். டொராண்டோ விமான நிலையத்தை நடத்தும் அமைப்பின் இயக்குநர் குழுவில் அமர்ந்தார். ஹுரான்டாரியோ தெருவில் கட்டப்பட்டுவரும் 18 கிலோமீட்டர் இலகு ரயில் பாதைக்கு 2022இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். 2023 ஜனவரி 29 அன்று, 101 வயதில் காலமானார். அவருடைய 102ஆம் பிறந்தநாளாக இருந்திருக்கக்கூடிய பிப்ரவரி 14 அன்று அரசு மரியாதையுடன் இறுதி நிகழ்ச்சி நடந்தது.

பீல் பிராந்தியத்தோடு அவர் நடத்திய சண்டைக்கு ஒரு விசித்திரமான முடிவு வந்தது. மிசிசாகா, பிராம்டன், கேலிடன் மூன்றும் சேர்ந்தது அந்தப் பிராந்தியம். செலவில் பாதிக்கு மேல் மிசிசாகா தருகிறது, மன்றத்திலோ பெரும்பான்மை இல்லை என்பது ஹேசலின் நீண்டநாள் குறை. அவர் இறந்த சில மாதங்களில், 2023 ஜூனில், பீல் பிராந்தியத்தைக் கலைக்கும் சட்டத்தை ஒன்டாரியோ நிறைவேற்றியது. சட்டத்தின் பெயரிலேயே ஹேசல் மெக்காலியன் என்று எழுதினார்கள். ஆறே மாதத்தில், பிரிவினைக்கு ஆகும் செலவும் வரி உயர்வும் தாங்காது என்று கூறி மாகாண அரசு பின்வாங்கியது. பிராந்தியம் இன்றும் இருக்கிறது.

குரோம்பி மாகாண லிபரல் கட்சியின் தலைவராகப் போய்விட்டதால் 2024 ஜூனில் இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்றவர் கரோலின் பாரிஷ். ஹேசலுடைய மகனின் விடுதி விவகாரத்தில் நீதி விசாரணை வேண்டும் என்று மன்றத்தில் முன்னின்று வாதாடிய கவுன்சிலர்களில் ஒருவர் அவர். 2010 தேர்தலில் ஹேசல் 76 விழுக்காடு பெற்ற அதே நாளில் தன் இடத்தை இழந்தவர்.